வாசகர் கேள்வி பதில்: ஒரே திரை, பல ஏபிஐ கால்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். ஒரு பக்கம் திறந்தால் பல ஏபிஐ கால், அதாவது சர்வரிடம் தகவல் கேட்கும் அழைப்புகள், போகின்றன, அப்புறம் எது முதலில் வரும், எது வராமலே போகும் என்று தெரியவில்லை, என்ன செய்யலாம்? எல்லாமே ஜாவாஸ்கிரிப்ட் சம்பந்தப்பட்டவை. நிரலை (கோடு) அப்படியே அச்சிட இங்கே இடமில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குச் சொல்வது போலச் சொல்லிவிடுகிறேன், தட்டிப் பார்ப்பது உங்கள் பாடு.

கேள்வி: அக்கா, எங்கள் டேஷ்போர்டு திறக்க மூன்று விநாடி ஆகிறது. பயனர் விவரம், ஆர்டர்கள், அறிவிப்புகள், பரிந்துரைகள், செட்டிங்ஸ் என்று ஐந்து ஏபிஐ. தனித்தனியாகக் கூப்பிட்டால் ஒவ்வொன்றும் 600 மில்லி விநாடிதான். சர்வர் பக்கத்தைப் பார்க்கும் பேக்எண்ட் டீமோ "எங்கள் பக்கம் எல்லாம் வேகம்தான்" என்கிறார்கள். யார் பக்கம் தப்பு?

பதில்: பேக்எண்ட் ஆட்கள் சொல்வது சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரவுசரின் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் டேப்பைத் திறந்து, கடைசியில் இருக்கும் வாட்டர்ஃபால் பத்தியைப் பாருங்கள். ஒரு பட்டை முடிந்த இடத்தில் அடுத்த பட்டை தொடங்கி, அப்படியே படிப்படியாக வலது பக்கம் இறங்கிக்கொண்டு போகும். 600-ஐ ஐந்தால் பெருக்கினால் 3000. உங்கள் மூன்று விநாடி வந்துவிட்டது.

காரணம், ஐந்து வரியிலும் அவெய்ட் ('பதில் வரும்வரை இங்கேயே நில்' என்ற சொல்) போட்டிருப்பீர்கள். அசிங்க்-அவெய்ட் 2017-இல் மொழிக்குள் வந்தது. அதற்கு முன் கால்பேக்கை (பதில் வந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷன்) அடுக்கி அடுக்கி எழுதிய எங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. வரிசையாக எழுதியது வரிசையாகவே ஓடும், படிக்கவும் அழகாக இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. 'அறிவிப்புகள் ஏன் ஆர்டருக்காகக் காத்திருக்கிறது?' என்று கோடு ரிவ்யூவில் கேட்க ஆள் இருக்காது.

அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். ஒவ்வொரு ஏபிஐ காலையும் எடுத்து, இதைக் கூப்பிட இன்னொன்றின் பதில் கட்டாயம் வேண்டுமா என்று பாருங்கள். பரிந்துரைக்குப் பயனர் ஐடி வேண்டும் என்றால் அது பயனர் விவரத்துக்குப் பின்னால்தான் போக வேண்டும். மற்ற நான்கும் ஒரே நேரத்தில் கிளம்பலாம். இன்னொன்று, லாகின் டோக்கனிலேயே (உள்நுழைந்ததற்கான அடையாளச் சீட்டு) பயனர் யார் என்பது சர்வருக்குத் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் பழைய பழக்கத்தில் ஐடியைக் கேட்கும் ஏபிஐகள் நிறைய உண்டு. பேக்எண்ட் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அந்தச் சார்பும் கழன்றுவிடலாம்.

ப்ராமிஸ் என்பது பின்னால் வரப்போகும் பதிலுக்கான சீட்டு. ஒரே நேரத்தில் கிளப்ப ப்ராமிஸ்.ஆல். ஐந்து ப்ராமிஸையும் ஒரு அரேக்குள் வைத்துக் கொடுத்து, வெளியே ஒரே ஒரு அவெய்ட். எது முதலில் முடிந்தாலும் விடைகள் நீங்கள் கொடுத்த வரிசையிலேயே திரும்பி வரும், அதனால் குழப்பம் இல்லை.

சிலர் வேறு வழியில் போவார்கள். முதலில் ஐந்தையும் அவெய்ட் இல்லாமல் கூப்பிட்டு மாறிகளில் வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக அவெய்ட் செய்வது. வேகம் கிடைக்கும், சரி. ஆனால் முதல் மாறிக்காகக் காத்திருக்கும்போதே மூன்றாவது தோற்றுவிட்டால், அந்தத் தோல்வியைப் பிடிக்க அந்த நேரத்தில் யாரும் இல்லை. கன்சோலில் 'அன்ஹேண்டில்டு ரிஜெக்ஷன்' என்று சிவப்பாக ஒரு வரி வரும். சுற்றி எரரைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் இருக்கிறதே என்று நீங்கள் தலையைச் சொறிவீர்கள். ப்ராமிஸ்.ஆல் எல்லாவற்றையும் முதல் நொடியிலிருந்தே கவனித்துக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ப்ராமிஸ்.ஆல் போட்டேன், வேகமாகிவிட்டது. ஆனால் பரிந்துரை ஏபிஐ ஒன்று படுத்தால் முழுப் பக்கமும் போய் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று வருகிறது. ப்ராமிஸ்.ஆல்செட்டில்டுக்கு மாற்றினேன். இப்போது சர்வர் 500 (சர்வரில் பிழை) கொடுத்தாலும் அது 'ஃபுல்ஃபில்டு' (நிறைவேறியது) என்கிறது. பிரவுசர் பொய் சொல்கிறதா?

பதில்: பிரவுசர் உண்மையைத்தான் சொல்கிறது, கேள்வியை நாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். ஏபிஐ கூப்பிடப் பிரவுசர் தரும் ஃபெட்ச்சைப் பொறுத்தவரை சர்வரிடமிருந்து ஏதோ ஒரு பதில் வந்துவிட்டால் வேலை முடிந்தது. அது 200-ஆ (சரி), 404-ஆ (கிடைக்கவில்லை), 500-ஆ என்பது அதற்குக் கவலை இல்லை. இணைப்பே கிடைக்கவில்லை, சிஓஆர்எஸ் (வேறு தளத்தின் தகவலைப் படிக்க விடாத பிரவுசர் காவல்) தடுத்துவிட்டது, நடுவில் ரத்து செய்தீர்கள், இப்படிப்பட்ட நேரங்களில்தான் ரிஜெக்ட் ஆகும், அதாவது தோற்கும். ஆகவே ரெஸ்பான்ஸில் 'ஓகே' என்ற பண்பைப் பார்த்து, அது ஃபால்ஸ் என்றால் நீங்களே ஒரு எரரை எறிய வேண்டும். 200 முதல் 299 வரை இருந்தால்தான் அது ட்ரூ. இதை ஒவ்வொரு இடத்திலும் எழுதாதீர்கள். ஃபெட்ச்சைச் சுற்றி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, ப்ராஜெக்ட் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். ஃபெட்ச்சுக்குப் பதிலாக ஆக்சியோஸ் லைப்ரரி பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அது 2xx தவிர மற்றதையெல்லாம் தானாகவே எரராக எறிந்துவிடும்.

அடுத்தது முக்கியம். ப்ராமிஸ்.ஆல் ஒன்று தோற்ற உடனே கையை விரித்துவிடும். மற்ற நான்கு காலும் நிற்காது, அவை பாட்டுக்கு ஓடி முடியும், பதில்களை வாங்க ஆள் இருக்காது. 2020-இல் வந்த ஆல்செட்டில்டு எல்லாம் முடியும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் நிலை என்ன, மதிப்பு என்ன, தோற்றால் காரணம் என்ன என்று தனித்தனியாகச் சொல்லும்.

அதற்காக எல்லா இடத்திலும் ஆல்செட்டில்டு போடுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். பணம் கட்டும் திரையில் விலை ஒரு ஏபிஐ, வரி ஒரு ஏபிஐ என்றால், விலை மட்டும் வந்து வரி வராத திரையைக் காட்டக் கூடாது. அங்கே ப்ராமிஸ்.ஆல்தான் சரி, ஒன்று போனால் எல்லாம் போகட்டும். டேஷ்போர்டில் பரிந்துரை இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்? அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, உள்ளே 'மீண்டும் முயற்சி' என்று ஒரு பட்டன் வையுங்கள். எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்பதை முடிவு செய்வது ஜாவாஸ்கிரிப்டின் வேலை கிடையாது. ப்ராடக்ட் ஆட்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஐந்தும் ஒன்றாகத் திரையில் தோன்ற வேண்டும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு கட்டமும் தன் ஏபிஐயைத் தானே கூப்பிட்டு, வந்ததும் தானே காட்டிக்கொண்டால் ப்ராமிஸ்.ஆலும் வேண்டாம், ஆல்செட்டில்டும் வேண்டாம்.

கேள்வி: தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஏபிஐ போகிறது. சில நேரம் கடைசியாகத் தட்டிய சொல்லுக்குப் பதிலாகப் பழைய சொல்லின் முடிவுகள் வந்து நிற்கின்றன. 300 மில்லி விநாடி டிபவுன்ஸ் (தட்டுவது நின்ற பிறகே கால் அனுப்புவது) போட்டேன், குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. டெஸ்டர் அடிக்கடி பிடித்துவிடுகிறார்.

பதில்: உங்கள் டெஸ்டருக்கு என் வணக்கம். பெரும்பாலான டீம்களில் இது கண்ணில் படாமலே போய்விடும்.

நடப்பதை மெதுவாகப் பார்ப்போம். பயனர் 'பட' என்று தட்டி ஒரு கணம் நிறுத்துகிறார். முதல் கால் கிளம்புகிறது. பிறகு 'படம்' என்று முடிக்கிறார். இரண்டாவது கால் கிளம்புகிறது. 'பட' என்பதற்குப் பொருந்துவது ஏராளம், சர்வர் 900 மில்லி விநாடி எடுக்கிறது. 'படம்' என்பதற்குக் கொஞ்சம்தான், 200-இல் வந்துவிடுகிறது. திரையில் சரியான முடிவு தெரிகிறது. அரை விநாடி கழித்து 'பட' ஆற அமர வந்து சேர்ந்து, சரியான முடிவை அழித்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. பெட்டியில் 'படம்', கீழே 'பட'வின் முடிவுகள். பின்னால் போனது முன்னால் வந்தால் இதுதான் நடக்கும். போன வரிசையில்தான் பதில் வரும் என்று எந்த நெட்வொர்க்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

டிபவுன்ஸ் கால்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும், வரிசையைக் காக்காது. பதில் வர 300 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் மறுபடியும் அதே கதை.

தீர்வு, பதில் வந்து சேரும்போது அது இன்னும் வேண்டுமா என்று கேட்பது. இதற்கு இரண்டு வழி. பழைய வழி ஒரு எண். வெளியே ஒரு மாறி, ஒவ்வொரு காலுக்கும் அதை ஒன்று கூட்டி, கூட்டிய எண்ணைக் காலின் கையில் கொடுத்து அனுப்புங்கள். பதில் வந்ததும் கையில் இருக்கும் எண்ணும் வெளியே இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள். இதில் ஒரு கவனம் தேவை. ஃபெட்ச்சுக்கு ஒரு அவெய்ட், பதிலிலிருந்து ஜேசன் (தகவல்) எடுக்க இன்னொரு அவெய்ட் என்று இரண்டு இருக்கின்றன. எண்ணை ஒப்பிடுவது இரண்டாவதற்குப் பிறகு இருக்க வேண்டும். நடுவில் ஒப்பிட்டுவிட்டு, ஜேசன் எடுப்பதற்குள் புது எழுத்து தட்டப்பட்டால் காவல் வீண்.

இன்னொரு வழி, போய்க்கொண்டிருக்கும் ஃபெட்ச்சை ரத்து செய்யும் அபார்ட்கன்ட்ரோலர். அதன் சிக்னலை ஃபெட்ச்சுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த எழுத்து வந்ததும் பழைய கன்ட்ரோலரில் அபார்ட் கூப்பிடுங்கள். பழைய கால் அங்கேயே நின்றுவிடும், பாதி வந்த பதிலையும் பிரவுசர் படிக்காது. ஒரு கன்ட்ரோலரை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அபார்ட் ஆனதையே அடுத்த காலுக்கும் கொடுத்தால் அது கிளம்பும் முன்பே செத்துவிடும். காலுக்கு ஒன்று புதிதாகச் செய்யுங்கள். ரத்தான ஃபெட்ச் 'அபார்ட்எரர்' என்ற பெயரில் ஒரு எரரை எறியும். அதைக் கேட்சில் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுங்கள். பயனருக்குச் சிவப்புப் பட்டையில் காட்டவும் வேண்டாம், எரர் டிராக்கருக்கு அனுப்பவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு உங்கள் டெஸ்டர் இன்னொன்றைக் கண்டுபிடிப்பார், இப்போதே சொல்லிவிடுகிறேன். லோடிங் சுழல் பாதியில் காணாமல் போகும். ஏனென்றால் ஃபைனலியில் (ஜெயித்தாலும் தோற்றாலும் கடைசியில் ஓடும் பகுதி) 'லோடிங் = ஃபால்ஸ்' என்று எழுதியிருப்பீர்கள். பழைய கால் ரத்தாகும்போது அதன் ஃபைனலியும் ஓடும். புதுக் கால் இன்னும் வழியில் இருக்கும்போதே சுழல் நின்றுவிடும். அங்கேயும் அதே கேள்வியைக் கேளுங்கள், நான் இன்னும் கடைசிக் கால்தானா? ஆம் என்றால் மட்டும் லோடிங்கைத் தொடுங்கள்.

டிபவுன்ஸையும் எடுத்துவிடாதீர்கள். அபார்ட் செய்தாலும் சர்வர் அந்த வேலையை நிறுத்தியிருக்கும் என்று நிச்சயம் இல்லை. தேவையில்லாத வேலையைக் கொடுக்காமல் இருப்பதே மரியாதை.

கேள்வி: ஃபார்ஈச்சுக்குள் அவெய்ட் போட்டிருக்கிறேன். ஆனால் லூப் முடியும் முன்பே அடுத்த வரி ஓடிவிடுகிறதே?

பதில்: ஃபார்ஈச் உங்கள் ஃபங்ஷன் திருப்பித் தரும் ப்ராமிஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும் என்றால் ஃபார்-ஆஃப், எல்லாம் சேர்ந்து போகலாம் என்றால் மேப் போட்டு ப்ராமிஸ்.ஆல். ஃபார்ஈச்சில் அவெய்ட் கண்டால் அடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு பட்டியலில் 300 ஐடி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் விவர ஏபிஐ கூப்பிட வேண்டும். மேப், ப்ராமிஸ்.ஆல் போட்டால் சர்வர் 429 (அளவுக்கு மேல் கேட்கிறீர்கள்) என்று திருப்பி அனுப்புகிறது. சில நேரம் பக்கமே உறைந்த மாதிரி ஆகிறது.

பதில்: முதல் பதில், 300 முறை கூப்பிடாதீர்கள். ஐடிகளை மொத்தமாகக் கொடுத்தால் மொத்தமாக விவரம் தரும் ஒரு ஏபிஐ கேளுங்கள். பேக்எண்டில் டேட்டாபேஸை இப்படிச் சுற்றிச் சுற்றிக் கேட்டால் 'என் ப்ளஸ் ஒன்' (N+1) என்று திட்டுவார்கள். அதே நோயை நெட்வொர்க் வழியாகச் செய்தால் இன்னும் மோசம். அல்லது திரையில் தெரியும் 20 வரிக்கு மட்டும் கூப்பிடுங்கள், கீழே உருட்ட உருட்ட மற்றது வரட்டும்.

அந்த ஏபிஐ வேறு நிறுவனத்துடையது, மாற்ற வழியே இல்லை என்றால் இரண்டாவது பதில். முதலில் பிரவுசர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரவுசரும் சர்வரும் பேசும் எச்டிடிபியின் 1.1 பதிப்பில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஒரு ஹோஸ்டுக்கு ஒரே நேரத்தில் 6 இணைப்புதான் திறக்கும். மிச்சம் 294-ம் வரிசையில் நிற்கும். அந்த நேரம் பயனர் 'சேமி' பட்டனை அழுத்தினால் அந்த முக்கியமான காலும் அதே வரிசையின் வாலில் போய் நிற்கும். பக்கம் உறைந்த மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2015-இல் தரமாக வெளிவந்த எச்டிடிபி 2-இல் ஒரே இணைப்பில் நூற்றுக்கணக்கான கால்கள் சேர்ந்து போக முடியும், வரிசை குறையும். ஆனால் அப்போது 300-ம் ஒரே மூச்சில் சர்வர் தலையில் விழும். அங்கிருந்து 429 வருவதில் ஆச்சரியம் என்ன?

ஒரே நேரத்தில் ஐந்து மட்டும் போகிற மாதிரி நீங்களே கட்டுப்படுத்துங்கள். ஐந்து ஐந்தாக வெட்டி ஒவ்வொரு கட்டுக்கும் ப்ராமிஸ்.ஆல் போடுவது எளிது, ஆனால் கட்டில் ஒன்று சுணங்கினால் மற்ற நான்கு இடமும் சும்மா கிடக்கும். அதைவிட இது நல்லது. ஒரு அசிங்க் ஃபங்ஷன், அதற்குள் ஒரு வைல் லூப். பொதுவான ஒரு இண்டெக்ஸிலிருந்து அடுத்த ஐடியை எடுத்து, இண்டெக்ஸை ஒன்று கூட்டி, ஏபிஐ கூப்பிட்டு, பதிலை அதே இடத்தில் வைத்துவிட்டு மறுபடி அடுத்த ஐடி. இந்த ஃபங்ஷனை ஐந்து முறை கூப்பிட்டு அந்த ஐந்துக்கு ஒரு ப்ராமிஸ்.ஆல். ஒரே ஐடியை இருவர் எடுத்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஒரே த்ரெட்டில் ஓடுவதால், எடுப்பதற்கும் கூட்டுவதற்கும் நடுவில் அவெய்ட் வராதவரை யாரும் குறுக்கே வர முடியாது. எழுதச் சோம்பலாக இருந்தால் பி-லிமிட் என்று ஒரு சின்ன பேக்கேஜ் இருக்கிறது.

429 வந்தால் ஹெடரில் 'ரீட்ரை-ஆஃப்டர்' இருக்கிறதா பாருங்கள். எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று சர்வரே சொல்லியிருக்கும். இல்லையென்றால் 1, 2, 4 விநாடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள், கொஞ்சம் ராண்டமாகவும் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லோர் பிரவுசரும் சரியாக இரண்டாவது விநாடியில் மறுபடி தட்டினால், அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த சர்வர் மறுபடி படுத்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் தோற்ற எல்லா ஏபிஐ காலையும் மூன்று முறை தானாக முயற்சி செய்யும்படி வைத்துவிடலாமா?

பதில்: கெட் (எடு), புட் (வை), டெலீட் (அழி) என்றால் பெரும்பாலும் சரி. ஒரே வேலையை இரண்டு முறை செய்தாலும் முடிவு ஒன்றுதான் என்று எச்டிடிபி விதியே சொல்கிறது. அந்த விதியை உங்கள் பேக்எண்ட் மதிக்கிறதா என்பது வேறு விஷயம். புதிதாக ஒன்றை உண்டாக்கும் போஸ்ட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்பாதீர்கள். 'ஆர்டர் போடு' என்ற கால் சர்வருக்குப் போய், ஆர்டரும் பதிவாகி, பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்திருக்கலாம். உங்களுக்கு அது தோல்வி, சர்வருக்கு வெற்றி. மறுபடி அனுப்பினால் இரண்டு ஆர்டர். தவிர்க்க முடியாது என்றால் ஒவ்வொரு ஆர்டருக்கும் பிரவுசரிலேயே ஒரு தனி அடையாளச் சாவி உண்டாக்கி ஹெடரில் அனுப்புங்கள். மறுமுயற்சியிலும் அதே சாவி போக வேண்டும். ஏற்கெனவே பார்த்த சாவி என்றால் சர்வர் பழைய பதிலையே தர வேண்டும். இது இரண்டு டீமும் சேர்ந்து செய்யும் வேலை. 400, 403, 404 போன்ற பதில் வாங்கிய கால்களை எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான், விட்டுவிடுங்கள்.

கேள்வி: பயனர்கள் கொஞ்ச நேரம் திரையைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் சில நேரம் தானாக லாக்அவுட் ஆகிவிடுகிறார்கள். புது டோக்கன் வாங்க உதவும் ரீஃப்ரெஷ் டோக்கன் இன்னும் காலாவதி ஆகவில்லை. எப்போதாவதுதான் நடக்கிறது, பிடிக்க முடியவில்லை. டோக்கன் முடிந்தால் 401 (லாகின் செல்லவில்லை) வந்ததும் ரீஃப்ரெஷ் ஏபிஐ கூப்பிட்டுவிட்டு மறுபடி அனுப்புகிறோம்.

பதில்: நீங்கள் எழுதிய கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. பயனர் திரும்பி வந்ததும் டேஷ்போர்டின் ஐந்து காலும் ஒரே நேரத்தில் போகின்றன. ஐந்துக்கும் 401. ஐந்தும் தனித்தனியாக ரீஃப்ரெஷ் ஏபிஐக்கு ஓடுகின்றன. பாதுகாப்புக்காக ஒரு ரீஃப்ரெஷ் டோக்கனை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று பல சர்வர்களில் வைத்திருப்பார்கள். முதலில் போனவர் புது டோக்கன் வாங்கிவிடுவார். இரண்டாவதாகப் போனவர் கையில் இருப்பது செல்லாத பழைய டோக்கன். சர்வர் அதைப் பார்த்து, யாரோ திருடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மொத்த லாகினையும் ரத்து செய்துவிடும். இந்த வரிசை அமைவதும் அமையாததும் நெட்வொர்க்கைப் பொறுத்தது, அதனால்தான் எப்போதாவது நடக்கிறது.

ரீஃப்ரெஷ் செய்யும் ப்ராமிஸை ஒரு பொது மாறியில் வையுங்கள். 401 வாங்கிய எவரும் முதலில் அந்த மாறியைப் பார்க்கட்டும். காலியாக இருந்தால் ரீஃப்ரெஷைத் தொடங்கி, அந்த ப்ராமிஸை அதில் வைக்கட்டும். ஏற்கெனவே இருந்தால் அதையே அவெய்ட் செய்யட்டும். ஒரு ப்ராமிஸை எத்தனை பேர் வேண்டுமானாலும் அவெய்ட் செய்யலாம், வேலை ஒருமுறைதான் நடக்கும். முடிந்ததும் ஃபைனலியில் மாறியைக் காலி செய்துவிடுங்கள். அதை மறந்தால் அடுத்த முறை டோக்கன் முடியும்போது எல்லோரும் பழைய விடையையே எடுத்துக்கொண்டு சுற்றுவார்கள். ரீஃப்ரெஷ் ஏபிஐயே 401 கொடுத்தால் மறுபடி ரீஃப்ரெஷுக்குப் போகாமல் லாகின் பக்கத்துக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் முடிவில்லாமல் சுற்றும். பயனர் இரண்டு டேப் திறந்து வைத்திருந்தால் இந்த மாறி டேப்புக்கு ஒன்றாகிவிடும். அதற்கு பிரவுசரில் வெப் லாக்ஸ் என்று ஒரு ஏபிஐ இருக்கிறது. ஒரு டேப் பூட்டை வைத்திருக்கும்போது மற்றது காத்திருக்கும். பூட்டு கிடைத்ததும் டோக்கன் ஏற்கெனவே மாறிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: இதையெல்லாம் கையால் எழுதுவதா, டான்ஸ்டாக் க்வெரி மாதிரி லைப்ரரி போட்டுவிடுவதா? சீனியர் ஒருவர் "முதலில் கையால் எழுதிக் கற்றுக்கொள்" என்கிறார்.

பதில்: கற்றுக்கொள்ள ஒருமுறை கையால் எழுதுங்கள். சம்பளத்துக்கு எழுதும்போது லைப்ரரி போடுங்கள். ஒரே தகவலை மூன்று கட்டங்கள் கேட்டாலும் ஒரே கால்தான் போக வேண்டும், முன்பு வாங்கியதை உடனே காட்டிவிட்டுப் பின்னணியில் புதுப்பிக்க வேண்டும், பழைய பதில் புதியதை அழிக்கக் கூடாது, இவை எல்லாம் டான்ஸ்டாக் க்வெரியிலும் அதே ரக லைப்ரரியான எஸ்டபிள்யூஆரிலும் தயாராக இருக்கின்றன. ஆனால் அவை தாமாக என்ன செய்கின்றன என்று படித்துவிட்டுப் போடுங்கள். டான்ஸ்டாக் க்வெரி ரியாக்டில் (திரை கட்டும் லைப்ரரி) தோற்ற க்வெரியைத் தானாக மூன்று முறை திரும்ப முயலும். 404-க்கும் அப்படியே முயலும், நீங்கள் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். வாங்கிய தகவலை அந்தக் கணமே பழையது என்று கருதும். அதனால் பயனர் வேறு டேப்புக்குப் போய்த் திரும்பினால் மறுபடி கால் போகும். இது தெரியாமல் 'லைப்ரரியில் பக்' என்று சொல்லிக்கொண்டு வந்த கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது.

அதே கட்டில் இன்னொரு ரகம், 'ரியாக்டில் யூஸ்எஃபெக்ட் இரண்டு முறை ஓடுகிறது, ஏபிஐ இரண்டு முறை போகிறது'. ரியாக்ட் 18 முதல் ஸ்ட்ரிக்ட் மோடில் (தப்பைக் காட்டிக்கொடுக்கும் சோதனை நிலை), டெவலப்மென்டில் மட்டும், எஃபெக்டை ஒருமுறை ஓட்டி, கிளீன்அப் செய்து, மறுபடி ஓட்டிப் பார்க்கும். உங்கள் கிளீன்அப் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத்தான் அப்படி. ஸ்ட்ரிக்ட் மோடை எடுத்துவிடாதீர்கள், கிளீன்அப்பில் அபார்ட் எழுதுங்கள்.

கேள்வி: இன்டர்வியூவில் ப்ராமிஸ்.ரேஸுக்கும் ப்ராமிஸ்.எனிக்கும் வித்தியாசம் கேட்டார்கள். நிஜ வேலையில் இவை எங்கே வரும்?

பதில்: ரேஸ் முதலில் முடிந்ததை எடுத்துக்கொள்ளும், அது தோல்வியாக இருந்தாலும். 2021-இல் வந்த எனி முதலில் ஜெயித்ததை எடுத்துக்கொள்ளும், எல்லாம் தோற்றால்தான் தோற்கும். ஒரே ஃபைலை இரண்டு சர்வரில் கேட்டு, எது முந்துகிறதோ அதை எடுப்பதற்கு எனி நல்லது. ரேஸை டைம்அவுட்டுக்குப் பயன்படுத்துவார்கள், எனக்குப் பிடிக்காது. செட்டைம்அவுட் ஜெயித்தாலும் ஃபெட்ச் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஃபெட்ச்சுக்கு டைம்அவுட் என்று தனி ஆப்ஷன் கிடையாது. அபார்ட்சிக்னல்.டைம்அவுட் என்பதில் 8000 என்று கொடுத்து அந்தச் சிக்னலை ஃபெட்ச்சுக்குக் கொடுங்கள், எட்டு விநாடியில் நிஜமாகவே நிறுத்திவிடும். அப்போது வரும் எரரின் பெயர் 'டைம்அவுட்எரர்', பயனரே ரத்து செய்தால் வரும் 'அபார்ட்எரரிலிருந்து' அதைப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும் என்றால் அபார்ட்சிக்னல்.எனியில் இரண்டு சிக்னலையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

கேள்வி: நீங்கள் சொல்கிற பிரச்சினை எதுவும் என் கம்ப்யூட்டரில் வருவதே இல்லை, எல்லாம் 20 மில்லி விநாடியில் வந்துவிடுகிறது. வெளியே போனால்தான் வருகிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: நெட்வொர்க் டேப்பில் த்ராட்லிங்கை (வேகத்தைக் குறைக்கும் வசதி) '3ஜி'க்கு மாற்றுவதை எல்லோரும் சொல்வார்கள். அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி மெதுவாக்கும். வரிசை மாறினால் வரும் பிரச்சினையை அது அவ்வளவாகக் காட்டாது. உங்களுக்கு வேண்டியது சீரில்லாத மெதுவு. முன்பு சொன்ன அந்தப் பொது ஃபெட்ச் ஃபங்ஷனில், டெவலப்மென்டில் மட்டும், 0 முதல் 3000 மில்லி விநாடிக்குள் ராண்டமாக ஒரு தாமதம் வையுங்கள். பத்தில் ஒன்று 500 எரராக விழட்டும். தாமதத்தை ஃபெட்ச்சுக்குப் பிறகு வைக்க வேண்டும், முன்னால் வைத்தால் கால் கிளம்பும் வரிசையே மாறிவிடும். பிறகு தேடல் பெட்டியில் வேகமாகத் தட்டுங்கள், சேமி பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள், ஒரு பக்கம் லோட் ஆகும்போதே இன்னொரு பக்கத்துக்குத் தாவுங்கள். ஒரு குறிப்பிட்ட ஏபிஐ மட்டும் வராவிட்டால் திரை எப்படி இருக்கும் என்று பார்க்க, குரோமில் அந்த ரிக்வெஸ்ட் மேல் ரைட் கிளிக் செய்தால் அதன் யூஆர்எல்லைத் தடுக்க வழி இருக்கும். டேஷ்போர்டின் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தடுத்துப் பாருங்கள். வந்ததையெல்லாம் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.